பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு

(நந்தனத்தில் நடந்த பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன வாரம் போன் செய்தார். "தம்பி, நீ கொஞ்ச நேரம் பேசணும். ஆனா இன்ஜினியரிங் பத்தி மட்டும் பேசிடாதே, எல்லாரும் தூங்கிடுவாங்க" என்றார். சரி அண்ணே, ஃபுட்பால் பற்றிப் பேசுகிறேன் என்றேன். "யாரு, மெஸ்ஸியா, ரொனால்டோவா?" என்றார். "இல்லண்ணே, மார்க்கோ மட்டெராஸி." அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "யாருப்பா, ஜிடேன்கிட்ட நெஞ்சுல முட்டு வாங்கினானே, அவனா?" என்றார்.

ஆமாம், அவரேதான். உலகத்தில் பாதிப்பேருக்கு அவரை அந்த ஒரு முட்டினால்தான் தெரியும். எனக்கு அவரை வேறு ஒரு காரணத்துக்காகத் தெரியும். அதைச் சொல்வதற்கு முன்னால் என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நான் நம் கல்லூரி ஃபுட்பால் டீமில் நான்கு வருடம் இருந்தவன். 'இருந்தவன்' என்றுதான் சொன்னேன், 'ஆடியவன்' என்று சொல்லவில்லை. என் இடம் ஸ்டாப்பர் பேக். ஆனால் அந்த இடத்தில் என்னைவிட நன்றாக ஆடுகிற ஒருவர் இருந்தார். அவர் இன்று இதோ முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். ஆகவே என் நிரந்தர இடம் பெஞ்ச்.

2008-ல் ஒரு கல்லூரிகளுக்கிடையிலான போட்டி. நடந்த இடம் இந்த மண்டபத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான். நம் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம். 1920-ல் ஹாரி குரோ பக் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியின் மைதானம் அது. ஆசியாவிலேயே முதல் உடற்கல்விக் கல்லூரி என்று அதைச் சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட மைதானத்தில் எனக்கு ஆட வாய்ப்பு வராது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மரத்தடியில் சமோசா தின்றுகொண்டிருந்தேன். இரண்டாவது பாதியில் அண்ணன் கால் பிசகி விழுந்தார். பி.டி. சார் திரும்பிப் பார்த்து, "டேய், இறங்குடா!" என்றார். "சார், ஒரு நிமிஷம், ஷூ..." என்றேன். நான் லேஸ் கட்டி முடிப்பதற்குள், பத்துப் பேரோடு ஆடிக்கொண்டிருந்த நம் டீமுக்கு எதிராக ஒரு கோல் விழுந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம்.

பி.டி. சார் என்னைத் திட்டவில்லை. பஸ்ஸில் ஏறும்போது ஒரே ஒரு வார்த்தை கேட்டார்: "ஷூவைக் கழட்ட யாருப்பா சொன்னது?" அந்தக் கேள்வி இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

இப்போது மட்டெராஸிக்கு வருகிறேன். 1973 ஆகஸ்ட் 19-ல் தெற்கு இத்தாலியில் உள்ள லெச்சே நகரத்தில் பிறந்தவர். அப்பா ஜூசெப்பே மட்டெராஸி ஃபுட்பால் பயிற்சியாளர். அதனால் பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே பெரிய கிளப்பில் இடம் கிடைத்திருக்கும் என்று நினைப்போம். அப்படி நடக்கவில்லை. ரோமில் ஓர் அமெச்சூர் கிளப்பில் ஆடினார். பிறகு சிசிலித் தீவில் மர்சாலா, திரப்பானி என்று கீழ்நிலைப் பிரிவு அணிகள். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், சென்னை லீகில் மூன்றாவது டிவிஷனில் ஆடுவது மாதிரி. பெருஜியா அணி எடுத்துக்கொண்டது, ஆனால் நடுவில் கார்ப்பி என்ற சிறிய அணிக்குக் கடனாக அனுப்பியது. 1998-ல் இங்கிலாந்துக்குப் போய் எவர்ட்டனில் ஒரே ஒரு பருவம் ஆடினார். அங்கே முரட்டு ஆட்டத்துக்காக ஒன்றுக்கு மேற்பட்ட முறை சிவப்பு அட்டை வாங்கினார். மறுபடி பெருஜியாவுக்கே திரும்பி வந்தார்.

அதாவது 26 வயது வரைக்கும் பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அந்த வயதில் நம் வீட்டில் என்ன சொல்வார்கள்? "இவனோட படிச்ச பசங்க எல்லாம் அமெரிக்கா போயிட்டாங்க!"

அப்புறம் 2000-01 பருவம். பெருஜியாவுக்காக இத்தாலியின் முதல்நிலை லீகில் 12 கோல் போட்டார். அதில் பல பெனால்டி கோல்கள்தான். இருந்தாலும் பின்களத்தில் ஆடுகிறவர் ஒரே பருவத்தில் 12 கோல் என்பது இத்தாலியில் அதற்கு முன் இல்லாத சாதனை. அர்ஜென்டினாவின் டேனியல் பாசரெல்லா 11 கோல் போட்டிருந்தார், அதை இவர் தாண்டினார். 2001-ல், 27-வது வயதில், முதன்முதலாக நாட்டுக்காக ஆடினார். அதே வருடம் இன்டர் மிலான் அவரை வாங்கியது. பத்து வருடம் அங்கேயே இருந்தார்.

நாட்டு அணியிலும் அவருக்கு நிரந்தர இடம் பெஞ்ச்தான். ஏனென்றால் முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஃபாபியோ கன்னவாரோ, இன்னொருவர் அலெஸ்ஸாண்ட்ரோ நெஸ்டா. நெஸ்டாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சட்டையில் மண் ஒட்டாமல் பந்தை எடுத்துக்கொண்டு போகிற ஆள். அப்படி ஒருவர் இருக்கும்போது மட்டெராஸியை எதற்கு இறக்குவார்கள்?

ஆனால் நெஸ்டாவுக்கு ஒரு துரதிர்ஷ்டம். 1998, 2002, 2006 என்று மூன்று உலகக் கோப்பைகளிலும் முதல் சுற்றிலேயே காயப்பட்டார். 2002-ல் குரோஷியாவுக்கு எதிராக அவர் வெளியேறியபோது இறங்கியவர் மட்டெராஸி. அன்றைக்கு இத்தாலி 2-1 என்று தோற்றது. கிடைத்த வாய்ப்பு கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டவில்லை.

நான்கு வருடம் கழித்து 2006, ஜெர்மனி. செக் குடியரசுக்கு எதிரான ஆட்டத்தில் 17-வது நிமிடம் நெஸ்டா மறுபடியும் காயம். மறுபடியும் மட்டெராஸி. வயது 32. இந்த முறை அவர் இறங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, 26-வது நிமிடத்தில் டோட்டி அடித்த கார்னரைத் தலையால் முட்டி கோல் போட்டார். அவர் ஷூவைக் கழற்றி வைத்திருக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்!

அத்தோடு கதை சுபமாக முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அடுத்த ஆட்டத்திலேயே, ஆஸ்திரேலியாவுக்கு எதிராக, சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். கடைசி நிமிட பெனால்டியில் டோட்டி காப்பாற்றியதால் இத்தாலி பிழைத்தது. கால் இறுதியில் இவருக்குத் தடை. பிறகு அரை இறுதி, அப்புறம் ஜூலை 9, பெர்லினில் இறுதி ஆட்டம்.

அப்போது நான் இரண்டாம் ஆண்டு. நம் ஊர் நேரப்படி ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஆட்டம். ஹாஸ்டல் டி.வி. ரூமில் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்து பார்த்தோம். 7-வது நிமிடம் மட்டெராஸி செய்த ஃபவுலுக்கு பிரான்ஸுக்குப் பெனால்டி. ஜிடேன் பந்தை மெதுவாகத் தூக்கிப் போட்டு, கம்பத்தில் பட்டு உள்ளே போக, பிரான்ஸ் 1-0. "இவனை எதுக்குடா எடுத்தாங்க!" என்று எல்லோரும் கத்தினோம். 19-வது நிமிடம் பிர்லோ அடித்த கார்னர். எல்லோரையும் தாண்டி எழும்பி அதே மட்டெராஸி தலையால் முட்டினார். 1-1.

தம்பி தங்கைகளே, எனக்குப் பிடித்தது அந்தக் கோல்கூட இல்லை. ஏழுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில் இருந்த பன்னிரண்டு நிமிடம். உலகம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவன் தப்பு செய்துவிட்டான். அவன் ஒளிந்துகொள்ள இடமில்லை. மனசு உடைந்து பின்னாலேயே நின்றிருக்கலாம், 'நமக்கு எதுக்கு வம்பு' என்று கார்னருக்கு முன்னால் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் போனார். அதற்குப் பிறகு பெனால்டி ஷூட்-அவுட்டில் இத்தாலியின் இரண்டாவது உதையை அடித்ததும் அவர்தான், கோலும் ஆனது. 5-3 என்று இத்தாலி ஜெயித்தது. நாட்டுக்காக அவர் ஆடியது 41 ஆட்டம், போட்டது இரண்டே கோல். இரண்டுமே அந்த உலகக் கோப்பையில்.

110-வது நிமிடத்தில் நடந்ததையும் மறைக்கக் கூடாது. ஜிடேனின் சகோதரியைப் பற்றித் தப்பாகப் பேசியதை மட்டெராஸி பிறகு ஒப்புக்கொண்டார். ஜிடேன் முட்டினார், சிவப்பு அட்டை வாங்கினார். ஃபிஃபா ஜிடேனுக்கு மூன்று ஆட்டத் தடையும், மட்டெராஸிக்கு இரண்டு ஆட்டத் தடையும் விதித்தது. பேசியது தப்பு, அதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. அவரை மகான் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. என்னைப் போல, உங்களைப் போல, நல்லதும் கெட்டதுமாகக் கலந்து செய்த ஓர் ஆள். அதனால்தான் அவரிடம் கற்றுக்கொள்ள முடிகிறது என்று நினைக்கிறேன்.

இன்டர் மிலானோடு ஐந்து லீக் பட்டங்கள். 2010-ல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக். மாட்ரிட்டில் நடந்த அந்த இறுதி ஆட்டத்தில் கடைசி நிமிடத்தில்தான் மவுரீனியோ அவரை இறக்கினார். ஆட்டம் முடிந்து கிளப்பை விட்டுப் போகும்போது, அந்த மவுரீனியோ காரிலிருந்து இறங்கி வந்து கட்டிப்பிடித்து அழுதது யாரைத் தெரியுமா? கோல் மேல் கோல் போட்டவர்களை இல்லை, இந்த பெஞ்ச்காரரை!

சரி, இத்தாலிக்காரருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது நம் சென்னையின் எஃப்.சி. அணிக்குப் பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் வந்தவர் மட்டெராஸி. வயது 41. நான் சைதாப்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, நேரு ஸ்டேடியத்துக்கு நடந்து போய் அவரைப் பார்த்தேன். அவர் அதிகம் ஓடவே இல்லை. கையை நீட்டி நீட்டி, வாய் ஓயாமல் பக்கத்துப் பையன்களை நகர்த்திக்கொண்டே இருந்தார். பந்து வருகிற இடத்தில் முன்கூட்டியே போய் நின்றார்.

இன்னொன்றும் செய்தார். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்த நெஸ்டாவைச் சென்னைக்கு அழைத்து வந்து மறுபடி பூட்ஸ் போட வைத்தார். யாருக்குப் பதிலாக வாழ்க்கை முழுக்கக் காத்திருந்தாரோ, அவரையே கூப்பிட்டுத் தன் அணியில் ஆட வைத்தார். பொறாமை இருந்தால் இது நடக்குமா? அந்த வருடம் லீக் பட்டியலில் நம் அணிதான் முதலிடம். ஆனால் அரை இறுதியில் கேரளாவிடம் கொச்சியில் 3-0 என்று தோற்று, இங்கே கூடுதல் நேரம் வரை போராடி 3-1 என்று ஜெயித்தும், ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் வெளியேறியது.

அடுத்த வருடம் 2015. அந்த வருடம் டிசம்பரைச் சென்னைக்காரன் எவனும் மறக்க மாட்டான். அங்கேதான் என் கதையும் மறுபடி வருகிறது.

நான் படிப்பை முடித்தது 2009. அதற்கு முந்தைய வருடம் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் விழுந்தது, இங்கே எங்கள் கேம்பஸ் இன்டர்வியூவும் விழுந்தது. எனக்கு வேலை கிடைக்கவில்லை. கடைசியில் கட்டடங்களில் ஜெனரேட்டர், பம்ப், மின் பேனல் பராமரிக்கிற ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். மற்றவர்கள் ஏ.சி. ரூமில் கம்ப்யூட்டர் முன்னால். நான் பேஸ்மென்ட்டில் டீசல் வாசனையில். ஆனால் ஒன்று புரிந்தது. ஸ்டாண்ட்-பை ஜெனரேட்டர் என்பதும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஆட்டக்காரன்தான். வருடத்தில் 360 நாள் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கூப்பிடுகிற அன்று அது எழுந்து நிற்க வேண்டும். ஆகவே வாரா வாரம் லோடு கொடுத்து ஓட்டிப் பார்ப்பேன். ஷூவைக் கழற்றக் கூடாது, இல்லையா?

டிசம்பர் 1 ராத்திரி. விடாத மழை, அடையாறு கரை புரண்டது. அன்று டியூட்டி என்னுடையது இல்லை. டியூட்டியில் இருக்க வேண்டியவர் தாம்பரத்துப் பக்கம் மாட்டிக்கொண்டார். நான் இங்கே நந்தனத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருந்ததால், முழங்கால் தண்ணீரில் நடந்து நாங்கள் பராமரித்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் போனேன். கரண்ட் போயிருந்தது. ஜெனரேட்டர் சொன்ன வார்த்தை தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது. நான்காவது மாடியில் ஒரு பெரியம்மா ஆக்ஸிஜன் கருவியில் இருந்தார். அந்தக் கருவி ஓடியது அந்த ஜெனரேட்டரால்தான்.

ஆனால் மின் பேனல் இருந்தது பேஸ்மென்ட்டில். தண்ணீர் ஏற ஆரம்பித்தது. அதை வெளியேற்றுகிற பம்பைப் போட்டேன். 'உம்ம்ம்' என்று முனகிவிட்டு ட்ரிப் ஆனது. மறுபடி போட்டேன், மறுபடி ட்ரிப். உள்ளே இம்பெல்லரில் பிளாஸ்டிக் கவர் சுற்றி இறுகிக் கிடந்தது. அது எப்போதிலிருந்து அப்படி இருந்ததோ! ஜெனரேட்டரை ஒழுங்காக ஓட்டிப் பார்த்த நான், அந்தப் பம்பை மட்டும் ஒருநாளும் தண்ணீர் விட்டுப் பார்த்ததில்லை. லாக் புக்கில் வாரா வாரம் 'சரி' என்று டிக் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். அந்த டிக் என் கையெழுத்து. வேறு யார் மேலும் பழி போட முடியாது.

எனக்குக் கை கால் நடுங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்படியே ஓடிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அடுத்து பெர்லின் ஞாபகம் வந்தது என்று சொன்னால் சினிமா மாதிரி இருக்கும். அப்படி ஒன்றும் வரவில்லை. வாட்ச்மேன் ஐயாதான், "சார், பின்தெருவுல கட்டட வேலை நடக்குது, அங்க இன்ஜின் பம்பு பார்த்திருக்கேன்" என்றார். இரண்டு பேரும் இருட்டில் போய், அங்கே காவலுக்கு இருந்தவரிடம் கெஞ்சி, அதைத் தோளில் தூக்கி வந்தோம். விடிய விடிய ஓட்டினோம். பேனலுக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் நின்றது. பெரியம்மா பிழைத்தார்.

காலையில் லாக் புக்கில் எழுதினேன்: 'பம்ப் வேலை செய்யவில்லை. சோதிக்காமல் டிக் போட்டது என் தவறு.' கையெழுத்தும் போட்டேன். முதலாளி படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "இனிமே தண்ணி விட்டு ஓட்டிப் பாருங்க" என்றார். அவ்வளவுதான். பம்பின் பிழையும் என்னுடையது, ராத்திரி முழுக்க நின்றதும் நான்தான். இரண்டையும் சேர்த்துத்தான் அந்த ராத்திரி. ஏழாவது நிமிடத்தையும் பத்தொன்பதாவது நிமிடத்தையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது என்பது பிறகு நிதானமாக யோசித்தபோதுதான் புரிந்தது.

அந்தப் பருவத்தில் மட்டெராஸியின் அணி பத்து ஆட்டத்தில் பத்தே புள்ளி எடுத்துக் கடைசி இடத்தில் கிடந்தது. மீதி நான்கு ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்து மூன்றாவது இடத்துக்கு ஏறியது. வெள்ளத்தால் அரை இறுதியின் முதல் ஆட்டத்தைச் சென்னையில் வைக்க முடியவில்லை, புனேவுக்கு மாற்றினார்கள். அங்கே கொல்கத்தாவை 3-0 என்று ஜெயித்து, கொல்கத்தாவில் 2-1 என்று தோற்று, மொத்தக் கணக்கில் இறுதிக்குப் போனார்கள். டிசம்பர் 20, கோவாவில் இறுதி ஆட்டம். 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்தியது. அவ்வளவுதான், முடிந்தது என்று டீக்கடை டி.வி. முன்னால் நின்றிருந்த எல்லோரும் கலைந்தோம். திரும்பிப் பார்ப்பதற்குள் எதிரணி கோல்கீப்பர் மேல் பட்டு ஒரு கோல், அடுத்து மெண்டோசா ஒரு கோல். 3-2. வீட்டுக்குள் இன்னும் சேறு காயாத ஊருக்கு ஒரு கோப்பை வந்தது. நடுரோட்டில் யார் என்று தெரியாதவர்கள் எல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

அடுத்த வருடம் அதே மட்டெராஸி, அதே அணி, எட்டில் ஏழாவது இடம். 2017-ல் விடைபெற்றுப் போனார். வாழ்க்கை அப்படித்தான், ஒரே நேர்கோட்டில் ஏறுவதில்லை. ஆனால் 2018 மார்ச் 17-ல் பெங்களூரில் நம் அணி இரண்டாவது கோப்பையை ஜெயித்தபோது, தொடக்கத்திலேயே கோல் வாங்கிவிட்டு, கார்னரைத் தலையால் முட்டிச் சமன் செய்தவர் யார் தெரியுமா? மெயில்சன் ஆல்வஸ். அவரும் ஒரு ஸ்டாப்பர் பேக்!

தம்பி தங்கைகளே, உங்களில் சிலருக்கு இந்த வருடம் கேம்பஸில் வேலை கிடைத்திருக்கும், வாழ்த்துகள். கிடைக்காதவர்களிடம்தான் இரண்டு வார்த்தை. அரியர் இருக்கலாம், இன்டர்வியூவில் வாய் குழறியிருக்கலாம், கூடப் படித்தவன் சம்பளத்தைக் கேட்டு ராத்திரி தூக்கம் வராமல் இருக்கலாம். பெஞ்சில் இருப்பது கேவலம் இல்லை. நான் இருந்திருக்கிறேன், உலகக் கோப்பை ஜெயித்தவரும் இருந்திருக்கிறார். பெயர் எப்போது கூப்பிடுவார்கள் என்பது நம் கையில் இல்லை. கூப்பிடும்போது ஷூ காலில் இருக்கிறதா என்பது நம் கையில் இருக்கிறது. பம்பைத் தண்ணீர் விட்டுச் சோதித்தோமா, வெறும் டிக் போட்டோமா என்பதும் நம் கையில்தான்.

இறங்கிய பிறகு தப்பு நடந்தால், அதை ஒப்புக்கொண்டு அடுத்த கார்னருக்கு முன்னால் போய் நில்லுங்கள்.

முன்வரிசையில் இருக்கும் அண்ணனிடம் ஒரு பாக்கி இருக்கிறது. அண்ணே, 2008-ல் உங்கள் கால் பிசகியபோது நான் சமோசா தின்றுகொண்டிருந்தேன். இத்தனை வருடம் கழித்து, எல்லோர் முன்னாலும், மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நாளைக் காலை ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் பழைய மாணவர்களுக்கும் இன்றைய மாணவர்களுக்கும் ஆட்டம் இருக்கிறதாம். என்னை வழக்கம்போல பெஞ்சில்தான் போட்டிருக்கிறார்கள். ஷூ காலிலேயே இருக்கும்.